இடப்பக்கம் திரும்பினால் கடல்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகும் சாலைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். பெயரை நம்பி ஜன்னலோரம் இடம்பிடித்து உட்காருகிறவர்கள் திருச்செந்தூர் வரை உப்பளத்தையும் வாழைத்தோட்டத்தையும் உடங்காட்டையும்தான் பார்ப்பார்கள். கடல் இடதுகைப் பக்கம் எங்கோ இருக்கிறது. காற்றில் பிசுபிசுப்பு இருக்கிறது. தண்ணீர் மட்டும் கண்ணில் படாது. இந்தச் சாலையை ரசிக்க ஒரே வழி, ஊருக்கு ஊர் இடப்பக்கம் வண்டியைத் திருப்பி, அந்த ஊர்க் கடலைப் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்கு வருவதுதான். அப்படித் திரும்பித் திரும்பிப் போனால் உவரி வரைக்குமான தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு பகல் சரியாக இருக்கும். நேரே போய்ச் சேர்வதென்றால் இரண்டு மணி நேரம். அதற்குக் கார் எதற்கு, பேருந்தே போதும்.

எங்களுக்கு இது சொந்த ஊர்ச் சாலை. கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும் போய்வந்த சாலையில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அக்கா வரவில்லை. துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அத்தான் வந்தார். கார் அவருடையது என்பதால் எங்கே நிறுத்துவது என்கிற அதிகாரமும் அவருக்கே. ஆனி மாதம், மேல்காற்று ஓயாமல் வீசுகிற பருவம். இந்தக் கரைக்கு வர அதுவே நல்ல காலம் என்பேன். மார்கழியில் வருகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனியில் வந்தால் மணலையும் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் எந்த ஊர் தழைத்தது, எந்த ஊர் நொடித்தது என்று கணக்கெடுத்தால் பாதிக்கு மேல் மணல் செய்த வேலை.

முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். மாசி வாக்கில் பாத்தி மிதித்துத் தயார் செய்தால், ஐப்பசி மழை வந்து கரைக்கும்வரை வேலை நடக்கும். நாங்கள் போனபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை; அதற்குள் பாதிப் பேருக்கு அன்றைய வேலை முடியும் நேரம். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்று விடியுமுன்பே இறங்கிவிடுகிறார்கள். ஆண்கள் நீளக் கம்பு பிடித்த வாருபலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை வரப்போரம் இழுத்து ஒதுக்கினார்கள். அதைப் பெண்கள் சுமந்து போய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கரையேறிய ஒரு அக்கா, காலில் மாட்டியிருந்த பழைய சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தார். விரலிடுக்குகள் வெளுத்து, குதிகால் கீறல்களில் உப்பு பூத்திருந்தது. அத்தான் செல்போனை எடுத்து அம்பாரத்தைப் படம் பிடித்தார். “போட்டோல வெள்ளையாத்தான் தெரியும் அண்ணாச்சி. நின்னு பாத்தாத்தான் கண்ணு எரியிறது தெரியும்” என்றார் அந்த அக்கா. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவல் இந்த அளத்து மக்களைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு இந்தச் சாலையில் வருகிறவர்களுக்கு அம்பாரத்தின் முன்னால் நின்று செல்பி எடுக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

பழையகாயலுக்கு அப்பால் நாங்கள் திரும்பியது இடப்பக்கம் அல்ல. அன்றைக்கு வலப்பக்கம் திரும்பியது அங்கே மட்டும்தான், கொற்கைக்காக. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்கர்கள் கொல்கை என்று எழுதிவைத்த பட்டினம், இப்போது வயலுக்கும் வாழைக்கும் நடுவே ஒரு சின்னக் கிராமம். கடல் இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டி எடுத்த கரித்துண்டைச் சோதித்தபோது கி.மு. 785 என்று காலம் வந்தது. குளக்கரையில் ஒரு கிழட்டு வன்னிமரம் தரையோடு சாய்ந்து கிடந்தும் துளிர்த்திருக்கிறது. பக்கத்தில் அக்கசாலைப் பிள்ளையார். நாணயம் அடித்த ஊர் என்பதற்கு அந்தப் பிள்ளையார் பெயர் ஒன்றுதான் இன்றைக்குக் கண்ணெதிரே இருக்கிற சாட்சி. அவருக்கு முன்னால் ஆடுகள் படுத்திருந்தன.

தாமிரபரணி கொண்டுவந்து தள்ளிய வண்டலும் மணலும் கொற்கையைத் தூர்த்தன. துறைமுகம் கிழக்கே நகர்ந்து பழையகாயலுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வந்து பார்த்த ‘காயல்’ அதுதான் என்று சொன்னவர் கால்டுவெல். பிறகு அதையும் ஆறு தூர்த்தது. அடுத்து புன்னைக்காயல், இன்றைக்கு ஆறு கடலோடு சேருகிற இடம். போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் முதலில் காலூன்றிய ஊர்களில் ஒன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்த அன்றிக் அடிகளார் வருஷக்கணக்காக இந்தக் கரையில்தான் இருந்தார். தமிழும் இங்கேதான் படித்தார். அதற்கும் பின்னால் தூத்துக்குடி. ஒரே ஆற்றின் வாயில் இத்தனை துறைமுகங்கள் பிறந்து தூர்ந்திருக்கின்றன. அத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஸ்டீரிங்கைத் திருப்பினார். “வருஷா வருஷம் வாராம விட்டா நம்ம துறைமுகமும் கொற்கதான் மாப்ள” என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டுகிறோம். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே ஆறு மெலிந்து கிடந்தது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் இந்த ஆறு என்ன செய்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதை ஒரு பகலும் இரவும் கொட்டித் தீர்த்துவிட்டது. ஏரல் பாலம் அறுத்துக்கொண்டு போனது. டீக்கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தோளுக்கு வந்தது. கடைக்காரர் அதன்மேல் வெள்ளையடிக்கவில்லை. “இருக்கட்டும், பெறவு ஒருத்தனும் நம்ப மாட்டான்” என்றார்.

காயல்பட்டினத்துக் கடற்கரை மாலையில்தான் களைகட்டும்; காலையில் காக்காயும் நாங்களும் மட்டும். திருச்செந்தூரை எட்டும்போது பத்து மணி, கூட்டமான கூட்டம். கோயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு சங்கதி மட்டும் சொல்கிறேன். பழைய கோயில் இந்தக் கரையில் கிடைத்த மணற்பாறையால் கட்டியது. உப்புக்காற்று அதை அரித்து அரித்துத் தூண்களே உதிர்ந்துபோனதால், மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று மூன்று துறவிகள் ஒருவர் பின் ஒருவராக நின்று கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். கையில் காசில்லாத ஆண்டிகள் கட்டிய திருப்பணி. இன்னொன்று நாழிக்கிணறு. கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் குடிக்கிற தண்ணீர். மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. மோரின் மேல் வெண்ணெய் திரண்டு நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மணல் இருக்கிறவரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். சில காலமாகக் கோயில் முன்னாலிருக்கிற கடற்கரையைக் கடல் அரித்துப் பள்ளமாக்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கிணற்றின் ஞாபகம்தான் வந்தது.

குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் பெயர்போனது. நவராத்திரி நாட்களில் காளியும் குறவனும் போலீசும் குரங்குமாக வேடம் கட்டி, வீடுவீடாகக் காணிக்கை வாங்கி, முத்தாரம்மனுக்குக் கொண்டுவந்து செலுத்துவார்கள். அப்போது இந்த ஊரில் கால்வைக்க இடம் கிடைக்காது. ஆனியில் தெரு காலியாக இருந்தது. இதுவும் ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊர். சர்க்கரை ஆலையும், திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் ஓடிய குட்டி ரயிலும் இருந்தன. எல்லாம் போய், 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் தூத்துக்குடியில் இருந்தபடியே இங்கே வரவிருக்கும் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2,200 ஏக்கருக்கும் மேல். ஏன் இங்கே என்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே பறந்துவிடாமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் போகும். பெரிய ராக்கெட்டுக்கு அது தாங்கும், சின்ன ராக்கெட்டுக்குக் கொண்டுபோகிற சுமையே வெகுவாகக் குறையும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை ஒரு குறுக்கீடும் இல்லை. கொற்கைக்கும் காயலுக்கும் கப்பல் வந்ததற்கு என்ன காரணமோ ஏறக்குறைய அதே காரணம்: இந்தக் கரை இருக்கிற இடம்.

குலசையை விட்டு வெளியே வந்து மறுபடி இடப்பக்கம். மணப்பாடு. அன்றைய நாளில் எங்கள் நேரத்தை அதிகம் தின்ற ஊர் இது, அதற்குத் தகுதியும் உண்டு.

தட்டையான இந்தக் கரையில் திடீரென்று ஒரு மணற்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581இல் கட்டியது. கீழே கருமேனியாறு ஒரு கழியாகத் தேங்கி, மணல்திட்டு வழிவிடும்போது மட்டும் கடலோடு சேருகிறது. குன்றின்மேல் ஏறும்போது மேல்காற்று மணலை வாரி முழங்காலில் அடித்தது. ஊசி ஊசியாகக் குத்தியது. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிய வேகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டார். உச்சியில் நின்றால் ஒரே பார்வையில் இரண்டு கடல். தெற்கே காற்றை நேராக வாங்கி நுரைத்துக்கொண்டு ஒன்று. வடக்கே குன்றின் மறைவில் அலை தணிந்து, வள்ளங்கள் வரிசையாக ஏற்றிவைத்திருக்கும் விரிகுடா ஒன்று. ஊர் அந்த வடக்குப் பக்கம் ஒண்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தக் காற்றில் ஐந்து நிமிஷம் நின்றால் விளங்கும்.

கடல் பார்த்த சரிவில் சவேரியார் குகை. 1542இல் இந்தியாவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அதற்குச் சில வருஷங்கள் முன்பு மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்கு மறை சொல்லிக்கொடுக்க இந்தக் கரையோரம் ஊர் ஊராக நடந்தார். தமிழ் தெரியாமல் வந்து, ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். மணப்பாட்டில் தங்கியது இந்தக் குகையில் என்கிறார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். சுவர் மணற்பாறை, விரலால் தேய்த்தால் உதிர்கிறது. உள்ளே ஒரு சின்னக் கிணறு. நாங்கள் போனபோது கேரளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தது. குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. காலையில் நாழிக்கிணற்றடியில் நின்ற வரிசையும் இங்கே நிற்கிற வரிசையும் வேறு வேறு சாமிக்கு. தண்ணீர் மட்டும் ஒரே ஏற்பாட்டில் வருகிறது.

இணையத்தில் மணப்பாட்டை அலைச்சறுக்குக்கு உகந்த இடம் என்று எழுதுகிறார்கள். உண்மைதான், பலகையோடு சிலரைப் பார்க்கவும் பார்த்தேன். ஆனால் வந்தவர்கள் குன்றோடு திரும்பிவிடாமல் ஊருக்குள் ஒரு நடை போக வேண்டும். உயரமான தூண்களும் வளைவுகளும் வைத்த பெரிய பெரிய வீடுகள். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் தோணி விட்டவர்கள் கட்டியவை. பல வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கதவு திறக்கும் என்றார்கள். ஒரு திண்ணையில் ஒரு பெரியம்மா ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். குருத்தோலையை ஈர்க்கிலிருந்து பிரித்து, நகத்தால் ஒரே அகலத்துக்குக் கிழித்து, பேசிக்கொண்டே பின்னினார். கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. “யாரு வீட்டுக்கு வந்தீய?” என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா ஊர் பார்க்க வந்தோம் என்றதும் முடைவதை நிறுத்திவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “சும்மாவா? இந்தக் காத்துலயா?” வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலுக்குக் களம் இந்த ஊர். அதில் வருகிற ஆட்கள் போலவே அவரும் கோபமா கேலியா என்று தெரியாத குரலில் பேசினார். பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டோம்.

கடற்கரையில் வள்ளம் வந்திருந்தது. நாலைந்து பேர் வலையைச் சுற்றி உட்கார்ந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார்கள். செவுள் கிழியாமல் கண்ணியிலிருந்து சாளையை உருவுவது பார்க்கத்தான் லேசு. மதியம் சோறு ஒரு வீட்டுத் திண்ணைக் கடையில். ஊளி மீன் குழம்பு, புளி தூக்கல். இரண்டாம் தடவை குழம்பு கேட்ட அத்தான், இதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார். அவருக்குக் கொழுப்புக்கு மாத்திரை நடக்கிறது.

பெரியதாழை வழியாக உவரி போகிற வழியில் சாலை கடலை ஒட்டி வருகிறது. இங்கேதான் பெயருக்கேற்ற கடற்கரைச் சாலை. உவரியில் சுயம்புலிங்கசாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவத்தில் கட்டி மேலே விமானம் நிறுத்திய கப்பல் மாதா கோயில் மூன்றும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. கப்பல் மாதா கோயிலின் கட்டடக்கலை பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஜோ டி குருஸ் பிறந்த ஊர் இது. ‘ஆழி சூழ் உலகு’ படித்தவர்களுக்கு உவரியில் வழி கேட்க வேண்டியதில்லை. கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் விழுகின்றன. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இந்த மணலுக்குக் கப்பல் கப்பலாக விலை இருந்தது, அதனால் சண்டையும் இருந்தது. 2013இல் அரசு தாதுமணல் அள்ளுவதற்குத் தடை போட்டது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினேன். அதன் கனம் மற்ற மணலைவிடக் கூடுதல் என்பது கைக்கே தெரிந்தது.

திரும்புவதற்கு வந்த வழியை விட்டுவிட்டோம். திசையன்விளைப் பக்கம் ஏறி இடையன்குடி. கால்டுவெல் வாழ்ந்த ஊர், 1880இல் அர்ப்பணிக்கப்பட்ட அவருடைய கோயிலிலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே தேரி தொடங்குகிறது. கடற்கரை மணல் வெள்ளை, தேரி மணல் ரத்தச் சிவப்பு; இரும்புத்துரு ஏறிய மணல். ஆனி ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளத் தள்ள இந்த மேடுகள் நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடியிருக்கின்றன. அதைக் கட்டிப்போடத்தான் முந்திரியும் உடையும் பனையும் நட்டார்கள். அப்படியும் அன்றைக்குத் தார்ச்சாலையின் குறுக்கே சிவப்பு மணல் பாம்பு பாம்பாக ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. சினிமாக்காரர்கள் பாட்டெடுக்க வருவார்கள். எங்களுக்கு மேட்டில் ஏறி நிற்கிற ஆசை இருந்தது. முகத்தில் விழுந்த மணலோடு அது போயிற்று.

உடன்குடிக்குப் போகும் வழியில் ஒரு பனைவிளை. ஓலைக் கொட்டகையில் பயினி கொதித்துக்கொண்டிருந்தது. பாகு பதம் வந்ததும் அந்த வீட்டம்மா அதைச் சிரட்டைகளில் ஊற்றினார். ஆறினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு, கூடவே சீனி கலந்த போலிகளும் உண்டு. இரண்டு கருப்பட்டியை எடுத்து எங்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். ஒன்று உள்ளேயும் பழுப்பு, இன்னொன்றின் உடைப்பில் வெள்ளைப் பொடி மினுங்கியது. “இது சந்தைல வாங்குனது, காட்டுறதுக்குன்னு வச்சிருக்கேன்” என்றார். விலையில் அத்தான் பேரம் பேசவில்லை. அபூர்வம்.

வீட்டுக்காரர் சாயங்கால ஏற்றத்துக்கு இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு. தூத்துக்குடி என்றதும், துறைமுகத்து ஆள் என்றதும், அத்தானுக்கு ராக்கெட் விவரமெல்லாம் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டார்.

“நெசமாவே இங்கன ராக்கெட்டு விடுவாவளா அண்ணாச்சி?”

“விடுவாவ. வேல நடக்குல்லா.”

“விடுற அன்னைக்கு கடலுக்குப் போவக் கூடாதும்பாவளாமே. எங்கள மரத்துல ஏற விடுவாவளா?”

அத்தான் அண்ணாந்து பனைகளைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

“ஏற விட்டா டிக்கெட்டு போட்டுருங்க. கெழக்க பாத்த மரத்துக்குக் கூடுதலா வாங்கணும்” என்றார்.